ஐம்பத்தைந்து வயதில் டாக்டர்!

பள்ளிக்கூடத்தை நிர்வாகம் செய்வதற்குக்கூட ஒரு டாக்டர் பட்டம் உண்டு என்றால் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். "நேரத்துக்கு மணி அடிக்க வேண்டும், லீவு போட்ட வாத்தியாரின் வகுப்புக்கு வேறொருவரை அனுப்ப வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்தால் நல்ல காப்பியாக வரவழைத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு ஆராய்ச்சி வேறேயா?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் இந்தக் கேள்வியை ஒரு நூற்றாண்டுக் காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள்!

அங்கே அதற்கு 'எட்.டி.' என்று பெயர். கல்வித் துறை டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'கல்வித் தலைமையும் நிர்வாகமும்' என்பது ஒரு தனிப் பிரிவு. இதைப் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரியிலிருந்து நேற்று வெளிவந்த வாலிபர்கள் அல்ல. காதோரம் நரைத்த ஹெட்மாஸ்டர்கள், பிள்ளை குட்டிகளோடு குடித்தனம் நடத்தும் உபாத்தியாயினிகள், கல்வி அதிகாரிகள். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் அல்லது சனிக்கிழமையில் சர்வகலாசாலை, இரவில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேஜையே ஆராய்ச்சி சாலை. நாற்பது வயதுக்கு மேல் பரீட்சைக்கு உட்காருகிற சங்கடம் எப்படிப்பட்டது என்று உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இவர்களுக்கெல்லாம் கொள்ளுப் பாட்டி முறையாகவேண்டிய ஓர் அம்மாள் இருந்தார். எட்.டி. என்ற பட்டமே பிறக்காத காலத்தில், 1900-ஆம் வருஷத்தில், பள்ளி நிர்வாகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து பிஎச்.டி. பட்டம் வாங்கியவர். அப்போது அவருக்கு வயது 55. பெயர் எல்லா ஃபிளாக் யங். அவருடைய கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு பட்டத்துக்கு வருவோம்.

பெற்ற தாய்க்கே நம்பிக்கை இல்லை

எல்லா 1845-இல் நியூயார்க் ராஜ்யத்திலுள்ள பஃபலோ என்ற ஊரில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் உடம்பு சரியில்லை. பத்து வயது வரையில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்க வீட்டிலேயே தாமாகக் கற்றுக்கொண்டார். பதின்மூன்றாவது வயதில் குடும்பம் சிகாகோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறேன் என்று பெண் சொன்னபோது தாயாருக்குச் சம்மதமில்லை. "நீ சின்னக் குழந்தைகளோடு பழகியதே கிடையாது. அவர்கள் மனசு உனக்குத் தெரியாது. உனக்கு இது ஒத்து வராது" என்பது தாயாரின் கட்சி. இன்னொரு பெண்ணாயிருந்தால் அழுதிருப்பாள், அல்லது அம்மாவோடு சண்டை பிடித்திருப்பாள். எல்லா என்ன செய்தார் தெரியுமா? தெரிந்த ஆசிரியை ஒருவரின் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து, குழந்தைகளைக் கவனித்து, தம்மால் இந்த வேலை ஆகுமா ஆகாதா என்று தாமே பரீட்சை பார்த்துக்கொண்டார்! ஆகும் என்று தெரிந்த பிறகுதான் தொடர்ந்து படித்தார். ஒரு சந்தேகம் வந்தால், நேரில் போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற புத்தி அந்த வயதிலேயே இருந்திருக்கிறது. ஆராய்ச்சி என்பது வேறென்ன?

1862-இல் பயிற்சியை முடித்து, 17 வயதில் வேலைக்கு வந்தார். நகரத்தின் ஓரத்தில் மாடு மேய்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வரும் முரட்டுப் பையன்களின் வகுப்பு அவருக்குக் கிடைத்தது. சில பையன்கள் உபாத்தியாயினியைவிடப் பெரியவர்கள். அவர்களைச் சமாளித்துவிட்டார். 1868-இல் கலியாணம், சில வருஷங்களுக்குள் கணவர் காலமாகிவிட்டார். அதன் பிறகு பள்ளிக்கூடமே அவருக்குக் குடும்பம். 1876-இல் தலைமை ஆசிரியை. 1887-இல் நகரப் பள்ளிகளின் உதவி சூப்பரின்டென்டெண்ட்.

இந்த 'சூப்பரின்டென்டெண்ட்' உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை வாஷிங்டனிலிருந்து நடத்துவதில்லை. அந்தந்த வட்டாரத்துக்கு ஒரு பள்ளி போர்டு உண்டு. இன்று அப்படி 13,000 வட்டாரங்கள் இருக்கின்றன. போர்டு ஒரு சூப்பரின்டென்டெண்டை நியமிக்கும். வட்டாரத்திலுள்ள எல்லா ஹெட்மாஸ்டர்களும் அவருக்குக் கீழே. பள்ளிக்கூடம் கட்டுவதிலிருந்து பாடப் புத்தகம் வரையில் அவர் பொறுப்பு. எட்.டி. படிக்கிறவர்களில் பலருடைய கண் அந்த நாற்காலியின் மேல்தான் என்பது பரம ரகசியம் ஒன்றுமில்லை.

மாணவியைவிட இளைய குரு

1894-இல் ஜான் டூயி என்ற தத்துவப் பேராசிரியர் சிகாகோ சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற அதே டூயிதான். மறு வருஷமே அவருடைய ஆராய்ச்சி வகுப்பில் மிஸஸ் யங் போய்ச் சேர்ந்தார். குருவுக்கு வயது 36, சிஷ்யைக்கு 50. பகலெல்லாம் பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, தம்மைவிட 14 வயது இளையவரிடம் பாடம் கேட்டார். குருவும் சாமானியப்பட்டவர் அல்ல. பள்ளிக்கூட விஷயங்களில் தாம் சந்தித்தவர்களுக்குள் இவரைப்போல் விவேகம் உள்ளவர் யாருமில்லை என்று பிற்காலத்தில் மனம் விட்டுச் சொல்லியிருக்கிறார். யார் யாரிடம் படித்தார்கள் என்பதே சந்தேகம்!

சிகாகோவில் புதிய சூப்பரின்டென்டெண்ட் வந்தார். எல்லாம் என் உத்தரவுப்படியே நடக்கவேண்டும் என்கிற ரகம். மிஸஸ் யங்குக்கு அது பிடிக்கவில்லை. 1899-இல், பன்னிரண்டு வருஷம் வகித்த உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட்டு வெளியேறினார். மனத்திலிருந்த குறையை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். 'பள்ளிக்கூடத்தில் தனிமை' என்று அதன் தலைப்புக்குப் பொருள் சொல்லலாம்.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: நகரம் பெருத்துப் பள்ளிக்கூடங்களும் பெருகிவிட்டன, மேலே இருக்கிற நாலு பேர் யோசிக்கிறார்கள், கீழே இருக்கிற ஆயிரம் ஆசிரியர்கள் சொன்னதைச் செய்கிறார்கள், தான் எதற்காக ஒரு பாடத்தை நடத்துகிறோம் என்று யோசிக்க உரிமை இல்லாத ஆசிரியர், குழந்தைக்கு யோசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்கள் கூடிப் பேசுகிற சபைகள் வேண்டும். அவர்கள் பேச்சு மேலே போய்ச் சேரவேண்டும். அது காதில் விழவேண்டும் என்றார். சின்னப் புத்தகம்தான். ஆனால் முப்பத்தேழு வருஷ அநுபவம் அதற்குள் இருந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று பார்க்க 1909-இல் சந்தர்ப்பம் வந்தது. சிகாகோவின் பள்ளி போர்டு யாரைச் சூப்பரின்டென்டெண்டாகப் போடுவது என்று தெரியாமல் திண்டாடிக் கடைசியில் மிஸஸ் யங்கை நியமித்தது. சம்பளம் வருஷத்துக்கு 10,000 டாலர். அமெரிக்காவின் பெரிய நகரம் ஒன்றின் பள்ளிகளுக்கு ஒரு ஸ்திரீ தலைமை வகித்தது அதுதான் முதல் தடவை. நாடு முழுவதும் பெண்களுக்கு வோட்டுரிமை கிடைப்பதற்கு இன்னும் பதினொரு வருஷம் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறு வருஷம் தேசியக் கல்விச் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதிலும் அவர்தான் முதல் பெண்மணி.

புத்தகத்தில் எழுதிய ஆசிரியர் சபைகளை ஊரெல்லாம் கூட்டினார். ஆசிரியைகளின் சங்கம் அவர் பக்கம் நின்றது. போர்டிலுள்ள சில கனவான்களுக்கு அதுவே உறுத்தல். 1913 டிசம்பரில் அவரை ஓரங்கட்டிவிட்டு வேறொருவரை நியமித்தார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சிகாகோவின் பெண்கள் திரண்டு வந்து கூட்டம் போட்டார்கள். சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். மேயர் தலையிட்டார், போர்டின் அங்கத்தினர்களில் சிலர் மாறினார்கள், மிஸஸ் யங் திரும்பவும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்! 1915-இல், எழுபது வயதில்தான் ஓய்வு பெற்றார். முதல் உலக யுத்தத்தின்போது கடன் பத்திரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவரை 1918-இல் பரவிய விஷக் காய்ச்சல் கொண்டு போய்விட்டது.

கட்டடத்துக்கு ஆயிரம் மார்க்!

மிஸஸ் யங் போட்ட பாதையிலேயே எல்லோரும் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அவருடைய காலத்திலேயே வேறொரு கோஷ்டி கிளம்பியது. தொழிற்சாலைகள் செழித்துக் கொழித்த காலம் அது. பள்ளிக்கூடத்தையும் தொழிற்சாலை மாதிரி நடத்தினால் என்ன என்று பெரிய பெரிய பேராசிரியர்கள் யோசித்தார்கள். ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் கப்பர்லி என்பவர் 1916-இல் எழுதிய நிர்வாகப் புத்தகத்தில், குழந்தைகளைக் கச்சாப் பொருளுக்கு ஒப்பிட்டே எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் பல பள்ளி அதிகாரிகளுக்கு அது வேதப் புத்தகம்.

நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் ஸ்ட்ரேயர், எங்கல்ஹார்ட் என்ற இரு பேராசிரியர்கள் பள்ளிக் கட்டடங்களுக்கு மார்க் போட ஓர் அட்டவணை செய்தார்கள். மொத்தம் 1000 மார்க். ஜன்னலுக்கு இத்தனை, படிக்கட்டுக்கு இத்தனை, குடி தண்ணீருக்கு இத்தனை! நல்ல ஜன்னலும் நல்ல தண்ணீரும் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் கட்டடம், கணக்கு, குழாய், சிற்றுண்டிச் சாலை என்று டாக்டர் பட்ட ஆராய்ச்சிகளே அந்தத் திசையில் போயின. குழந்தை என்ன கற்றது என்பது மட்டும் எந்த அட்டவணையிலும் சரியாக அகப்படவில்லை. ரேமண்ட் காலஹான் என்ற சரித்திர ஆசிரியர் 1962-இல் ஒரு புத்தகம் எழுதி இந்தக் கூத்தையெல்லாம் அக்கு வேறு ஆணி வேறாக அலசினார்.

எட்.டி. பட்டம் பிறந்ததும் இந்தச் சூழ்நிலையில்தான். ஹார்வர்டு சர்வகலாசாலை 1920-இல் கல்விக்கென்று தனிப் பள்ளி ஆரம்பித்து இந்தப் பட்டத்தை வழங்கத் தொடங்கியது. ஹார்வர்டிலேயே முதன் முதலில் பெண்களுக்குப் பட்டம் கொடுத்ததும் அந்தப் பள்ளிதான். கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரி 1934-இல் எட்.டி. கொடுக்க ஆரம்பித்தது.

பிஎச்.டி.க்கும் எட்.டி.க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? புளி ஏன் புளிக்கிறது என்று ஆராய்கிறவர் ஒருவர். ஐந்நூறு பேர் உட்காரும் பந்தியில் ரசம் ஏன் தினம் தீர்ந்துபோகிறது என்று ஆராய்கிறவர் இன்னொருவர். முன்னவர் பிஎச்.டி.; பின்னவர் எட்.டி. இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு. நடைமுறையில் வெகு காலம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. 2005-இல் ஆர்தர் லெவின் என்பவர், பள்ளித் தலைவர்களைத் தயார் செய்கிற படிப்புகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். "எட்.டி.யை எடுத்துவிட்டு, நிர்வாகத்துக்கு ஒரு நல்ல எம்.பி.ஏ. மாதிரிப் பட்டம் போதும்" என்பது அதன் சாரம். அப்போது அவர் எந்த உத்தியோகத்தில் இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? அதே கொலம்பியா ஆசிரியர் கல்லூரியின் தலைவர்!

பட்டத்தை எடுக்கவில்லை, திருத்தினார்கள். 2007-இல் பல சர்வகலாசாலைகள் கார்னெகி அறநிலையத்தின் ஆதரவில் ஒன்று கூடி, ஆராய்ச்சி என்பது படிக்கிறவரின் சொந்தப் பள்ளியில் உள்ள ஒரு கஷ்டத்தைத் தீர்க்க முயல்வதாக இருக்கவேண்டும் என்று பேசி வைத்தன. ஹார்வர்டு 2010-இல் மூன்று வருஷப் புதிய தலைமைப் பட்டம் ஒன்றை ஆரம்பித்தது. அதில் மூன்றாவது வருஷம் பத்து மாதம் ஒரு கல்வி ஸ்தாபனத்தில் போய் உண்மையாகவே வேலை பார்க்கவேண்டும்.

சின்னக் கேள்வி கிடைப்பது பெரிய பாடு

சரி, இதை எப்படிப் படிக்கிறார்கள்? பெயர் ஊர் வேண்டாம்; ஒரு ஹெட்மாஸ்டரைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் இரண்டு மூன்று வருஷம் வகுப்புகள். பள்ளிச் சட்டம், வரவு செலவு, புள்ளி விவரம், ஆராய்ச்சி முறைகள். பத்துப் பதினைந்து பேர் ஒரே கோஷ்டியாகச் சேர்ந்து படிப்பார்கள். ஒருவர் துவண்டால் மற்றவர்கள் தூக்கிவிடுவார்கள். இது வரையில் நம் ஹெட்மாஸ்டருக்குக் கஷ்டமில்லை. பரீட்சை எழுதுவது எப்படி என்று ஆயுசெல்லாம் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே!

பிறகு வருகிறது ஆராய்ச்சி. "கல்வியைச் சீர்திருத்துவது எப்படி?" என்று கம்பீரமாக ஒரு தலைப்போடு பேராசிரியரிடம் போகிறார். பேராசிரியர் தலையை ஆட்டுகிறார். "கல்வி என்றால் எந்தக் கல்வி?" "உயர்நிலைப் பள்ளி." "அதில் எது சரியில்லை?" "பிள்ளைகள் வருவதில்லை." "எந்தப் பிள்ளைகள்? எத்தனை நாள்?" ஹெட்மாஸ்டர் முழிக்கிறார். வீட்டுக்கு வந்து பதிவேடுகளைப் புரட்டுகிறார். அமெரிக்காவில், பள்ளி நாட்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வராத குழந்தையைத் தனிக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் உண்டு. அப்படி எண்ணிப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பில்தான் கூட்டம் அதிகம் என்று தெரிகிறது. அதிலும் முதல் மாதத்திலேயே நாலைந்து நாள் வராதவன்தான் பிறகு வராமலே போகிறான். ஆறு மாதத்துக்குப் பிறகு கேள்வி இப்படி ஆகிறது: "ஒன்பதாம் வகுப்பில் முதல் மாதத்தில் நாலு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பு ஆசிரியரே பேசினால், பிறகு அந்தப் பிள்ளை வருகிறதா?" உலகத்தைப் புரட்டுகிற கேள்வி அல்ல, ஆனால் பதில் கண்டுபிடிக்கக்கூடிய கேள்வி. மற்றவர்கள் இதைப் பற்றி ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் படித்துவிட்டு வரும்படி அடுத்த உத்தரவு. அதற்கு ஒரு வருஷம்!

அதோடு விட்டார்களா? மனிதர்களைக் கேள்வி கேட்கிற எந்த ஆராய்ச்சியையும் சர்வகலாசாலையின் ஒரு கமிட்டி முன்கூட்டிப் பார்த்து அநுமதி தரவேண்டும். இதற்குப் பின்னால் வேதனையான சரித்திரம் இருக்கிறது. அலபாமாவில் டஸ்கிகி என்ற இடத்தில், நோயுற்ற ஏழைக் கறுப்பினத்தவர்களுக்குச் சிகிச்சை செய்யாமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 40 வருஷம் அரசாங்க வைத்தியர்களே வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். 1972-இல் அது வெளியாகி நாடே தலை குனிந்தது. 1974-இல் சட்டம் வந்தது. நம் ஹெட்மாஸ்டருக்கும் அந்தச் சட்டம் உண்டு.

அவருடைய விஷயத்தில் கமிட்டி கேட்கிற கேள்வி மிகவும் சூட்சுமமானது. "உங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களையே நீங்கள் பேட்டி காணப்போகிறீர்கள். உங்களிடம் அவர்கள் உண்மை சொல்வார்களா?" யோசித்துப் பாருங்கள். சம்பள உயர்வுக்குச் சிபாரிசு செய்கிறவர் வந்து, "நம் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது?" என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் யார்தான் வாயைத் திறப்பார்கள்? ஆகவே வேறொருவரைக் கொண்டு பேட்டி எடுக்கவேண்டும், அல்லது பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகவேண்டும், பெயர்களை மறைக்கவேண்டும். எத்தனையோ ஹெட்மாஸ்டர்கள் இந்த இடத்தில்தான், இருபது வருஷமாகத் தம் அறைக்கு வந்து "எல்லாம் நன்றாக நடக்கிறது, ஸார்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று முதல் தடவையாக யோசிக்கிறார்கள். மிஸஸ் யங் 'தனிமை' என்றாரே, அதில் மேலே இருப்பவரின் தனிமையும் சேர்த்தி.

வீட்டிலே என்ன சொல்கிறார்கள்?

வகுப்புகளை முடித்துப் பரீட்சையும் தேறி, ஆராய்ச்சி நூலை மட்டும் எழுதி முடிக்காமல் நிற்கிறவர்களுக்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது: 'ஏ.பி.டி.' 'ஆராய்ச்சி ஒன்று நீங்கலாக எல்லாம்' என்பது அதன் விரிவு. பட்டம் மாதிரியே ஒலிக்கும், பட்டம் அல்ல. கேலிக்கு வைத்த பெயர். அமெரிக்காவில் பட்ட மேற்படிப்புச் சபை ஒன்று பிஎச்.டி. மாணவர்களைப் பற்றிக் கணக்கெடுத்து 2008-இல் சொன்னது: பத்து வருஷத்துக்குள் முடித்தவர்கள் நூற்றுக்கு 57 பேர்தான். அவர்களில் பலர் முழு நேரமும் படிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள். பள்ளிக்கூடத்தையும் நடத்திக்கொண்டு படிக்கிறவர்களின் பாடு எப்படியிருக்கும்!

வகுப்பு இருக்கும் வரையில் போகவேண்டிய இடம் இருந்தது. கூடப் படிக்கிறவர்கள் இருந்தார்கள். அது முடிந்ததும் ஆசாமி தனியாக நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகினால் அன்றைக்கு ஆராய்ச்சி இல்லை. பெண்ணுக்கு ஜுரம் என்றால் அந்த வாரம் இல்லை. பணமோ பல்லாயிரம் டாலர் போயாகிவிட்டது; கடன் வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. "எப்போது முடியும்?" என்று மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள் என்றால் ஹெட்மாஸ்டர் உஷாராகவேண்டிய சமயம் என்று அர்த்தம். ஆசிரியையாக இருந்தால் இன்னும் கஷ்டம். அவளுடைய இரவுச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து ஒழுங்கு பண்ணிக் கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

முடித்தவர்களுள் நீங்கள் பெயர் கேட்டிருக்கக்கூடிய இருவரைச் சொல்லலாம். முன்னாள் ஜனாதிபதியின் மனைவி ஜில் பைடன் அம்மையார், டெலவேர் சர்வகலாசாலையில் 2007-இல் கல்வித் தலைமையில் எட்.டி. பெற்றார். அவருக்கும் வயது 55! இரண்டு வருஷக் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடம் நடத்திய அவர், அந்தக் கல்லூரிகளில் சேருகிற மாணவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். 2020 டிசம்பரில் ஒரு பெரிய பத்திரிகையில் ஒருவர், "பிரசவம் பார்க்கத் தெரியாதவருக்கு டாக்டர் என்ற பெயர் எதற்கு?" என்கிற தோரணையில் எழுதப் போக, பெரிய ரகளையாகிவிட்டது. அம்மையார் வெள்ளை மாளிகையில் குடியிருந்த நாலு வருஷமும் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தினார் என்பதை இங்கே குறிப்பிடுவது நியாயம்.

இன்னொருவர், ஏழடி ஓரங்குல உயரமுள்ள கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓநீல். ஃபுளோரிடாவிலுள்ள பாரி சர்வகலாசாலையில் 2012-இல், 40-ஆவது வயதில், எட்.டி. வாங்கினார். தலைமை வகிக்கிறவருக்கு நகைச்சுவை வேண்டுமா, கண்டிப்பு வேண்டுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. நம் தலைமை ஆசிரியர்கள் சிலருக்கு அதை இலவசமாக அனுப்பி வைக்கலாம்!

பிரயோஜனம் உண்டா?

இத்தனை பாடுபட்டு வாங்குகிற பட்டத்தினால் பள்ளிக்கூடத்துக்குப் பிரயோஜனம் உண்டா என்று நீங்கள் கேட்டால், மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பள்ளிக்குள் இருக்கிற காரணங்களில், குழந்தையின் படிப்புக்கு வகுப்பில் நடக்கும் போதனை முதலாவது, தலைமை இரண்டாவது என்று 2004-இல் லீத்வுட் முதலானோர் பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னார்கள். தலைமை முக்கியம் என்பதில் தகராறு இல்லை. ஆனால் 2009-இல் நியூயார்க் நகரத்துப் பள்ளிகளைப் பார்த்த பொருளாதார நிபுணர்கள், ஹெட்மாஸ்டர் எங்கே என்ன படித்தார் என்பதற்கும் பள்ளியின் தேர்ச்சிக்கும் பெரிய சம்பந்தம் தென்படவில்லை என்றார்கள். தலைமைப் பதவியில் இருந்த அநுபவம்தான் கணக்கில் தெரிந்தது.

என் அபிப்பிராயம், சம்பள உயர்வுக்காகவும் கதவில் மாட்டும் பலகைக்காகவும் படிக்கிறவருக்குச் சம்பள உயர்வும் பலகையும் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் தம்மைத் தூங்கவிடாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அதற்கு மேலும் ஏதோ கிடைக்கும். மிஸஸ் யங்குக்குக் கிடைத்தது. உங்களுக்கு அப்படி ஒரு கேள்வி இருக்கிறதா என்பதை விண்ணப்பப் பாரம் வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். பாரத்துக்குக் காசு மிச்சம்.

நம் நாட்டில் எட்.டி. பட்டம் அவ்வளவாக வழக்கத்தில் இல்லை, கல்வியில் பிஎச்.டி.தான். நிர்வாகத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு ஆராய விரும்புகிறவர்களுக்கு டில்லியில், 1962-இல் யுனெஸ்கோ உதவியோடு தொடங்கிய ஆசிய மையத்திலிருந்து வளர்ந்த கல்வித் திட்ட நிர்வாக ஸ்தாபனம் இருக்கிறது. 2022-ஆம் வருஷத்துப் பல்கலைக் கழக மானியக் குழு விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம். பொதுவாக ஆறு வருஷம், மறுபடி பதிவு செய்துகொண்டால் எட்டு வரையில் போகலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் சலுகை உண்டு. வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். விதி வகுத்தவர்கள் வீட்டிலும் யாரோ மேஜை துடைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

கடைசி நாள் எப்படி இருக்கும் என்று தெரியவேண்டாமா? மூன்று நான்கு பேராசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஹெட்மாஸ்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து தம் ஆராய்ச்சியைச் சொல்வார். "நூற்றி நாற்பதாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்களே, இதற்கு ஆதாரம் என்ன?" என்று குடைவார்கள். இரண்டு மணி நேரம் போல நடக்கும். பிறகு அவரை வெளியே போய் நிற்கச் சொல்வார்கள். வருஷக்கணக்காகப் பிள்ளைகளைத் தம் அறை வாசலில் நிற்க வைத்தவர், இப்போது தாமே தாழ்வாரத்தில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவு திறக்கும். தலைமைப் பேராசிரியர் கையை நீட்டி, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று சேர்த்துக் கூப்பிடுவார். அப்போது கண் கலங்காதவர்கள் குறைவு. மறுநாள் காலை எட்டு மணிக்கு, மூன்றாம் நம்பர் பஸ் இன்னும் வரவில்லை என்று டெலிபோன் வரும்.